கூரைக்குள் ஒரு வானம்

நுழையும் முன்

சித்தூருக்கு அருகில், பாகுதா ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் காணிப்பாக்கம். அங்குள்ள விநாயகர் கோயிலில், விநாயக சதுர்த்தி அன்று தொடங்கும் பெருவிழா இருபத்தொரு நாள் நடைபெறும். ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் மக்கள் அங்குக் கூடுவர். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும்.

சதுர்த்தி என்பது வளர்பிறையின் நான்காம் நாள். அன்று மாலை மேற்கு வானில் ஒரு பிறை தோன்றும். ‘நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு’ என்னும் பழமொழியைச் சொல்லி, அன்று பிறையைப் பார்க்காதிருக்குமாறு பெரியோர் குழந்தைகளிடம் கூறுவது வழக்கம். குனிந்த தலையுடன் நடக்கும் குழந்தையின் மனத்திலோ வினாக்கள் எழுகின்றன. பிறை ஏன் மேற்கில் மட்டும் தோன்றுகிறது? அது ஏன் விரைவில் மறைந்துவிடுகிறது? நாளை அது எங்கே இருக்கும்?

இவ்வினாக்களுக்கு விடை காண, ஒரு மாத காலம் இரவுதோறும் வானத்தைப் பார்த்துக் குறித்துவர வேண்டும். ஆனால் ஆவணி, புரட்டாசி மாதங்களில் மேகம் மறைக்கிறது. விழாக்காலத்தில் விளக்கொளி மறைக்கிறது. மேகமும் விளக்கொளியும் மறைக்காத வானம் ஒன்று உண்டு. அது ஒரு மாதத்தைச் சில நிமிடங்களில் நடத்திக் காட்டும். அவ்வானம் அமைந்துள்ள இடமே கோளரங்கம்.

கோளரங்கம் என்பது யாது?

கோள்கள், விண்மீன்கள், ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் தோற்றத்தையும் இயக்கத்தையும் அரைக்கோள வடிவான கூரையின் உட்புறத்தில் ஒளியால் காட்டும் அரங்கம் கோளரங்கம் எனப்படும். தெலுங்கர் இதனை ‘நக்ஷத்ரசாலா’ என்பர். கன்னடர் ‘தாராலய’ என்பர். இந்தியில் ‘தாராமண்டல்’ என்பர். தமிழ் கோளை முன்னிறுத்திப் பெயர் வைத்தது. ஏனைய மூன்றும் விண்மீனை முன்னிறுத்தின. பொருள் ஒன்றே.

கோளரங்கத்தையும் வானாய்வகத்தையும் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். அவை வேறு வேறானவை. வானாய்வகத்தில் தொலைநோக்கி உண்டு. அது உண்மையான வானத்தை நோக்குகிறது. சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் இதற்குச் சான்று. அங்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்று உள்ளது. கோளரங்கத்தில் தொலைநோக்கி தேவையில்லை. அங்கு வெளியிலிருந்து ஒளி வருவதில்லை. நடுவில் உள்ள கருவியிலிருந்து கூரையை நோக்கி ஒளி செல்கிறது. வானாய்வகம் வானத்தை ஆராயும் இடம். கோளரங்கம் வானத்தைக் கற்கும் இடம்.

அச்சத்தைப் போக்கிய வீடு

கோளரங்கத்தின் வரலாற்றில் ஓர் எளிய மனிதரின் வீடு சிறப்பிடம் பெறுகிறது. நெதர்லாந்து நாட்டில் பிரனேக்கர் என்னும் ஊரில் ஐசே ஐசிங்கா என்பவர் வாழ்ந்தார். கம்பளி சீவுவது அவர் தொழில். 1774ஆம் ஆண்டு மே மாதம் திங்களும் நான்கு கோள்களும் வானில் நெருங்கித் தோன்றவிருந்தன. அதனால் புவி தன் பாதையிலிருந்து விலகி அழியும் என்னும் செய்தி பரவியது. மக்கள் அஞ்சினர். குறித்த நாள் வந்தது, சென்றது, புவிக்கு எத்தீங்கும் நேரவில்லை.

மக்களின் அச்சத்திற்குக் காரணம் அறியாமையே என்பதை ஐசிங்கா உணர்ந்தார். கோள்கள் உண்மையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கண்ணால் காணச் செய்ய விரும்பினார். தம் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே ஞாயிற்றுக் குடும்பத்தை அமைக்கத் தொடங்கினார். மரச் சக்கரங்களும் கையால் செய்த ஆணிகளும் கொண்டு பல்சக்கரங்களை உருவாக்கினார்; ஊசற் கடிகாரம் ஒன்றால் அவற்றை இயக்கினார். 1781இல் பணி நிறைவுற்றது. ஏழு ஆண்டு உழைப்பின் பயன் அது.

அக்கூரையில் ஒரு மில்லிமீட்டர் என்பது விண்வெளியில் பத்து இலட்சம் கிலோமீட்டரைக் குறிக்கும். அங்குப் புதன் 88 நாளில் ஒருமுறை சுற்றிவருகிறது. சனி 29 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வானில் உள்ளபடியே கூரையிலும் காலம் நடக்கிறது. அக்கருவி இன்றும் இயங்குகிறது. 2023இல் அது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஒளியை நகர்த்திய கருத்து

ஐசிங்காவின் கருவி, ஞாயிற்றுக் குடும்பத்தை வெளியே நின்று பார்ப்பது போன்றது. புவியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியும் வானத்தை அது காட்டவில்லை. அதனைக் காட்ட என்ன செய்வது? பெரிய உலோகக் கோளம் ஒன்றைச் செய்து, அதில் விண்மீன்களுக்காகத் துளையிட்டு, மக்களை அதனுள் அமர்த்தி, கோளத்தைச் சுழற்றலாம் என்று சிலர் எண்ணினர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1913இல் அத்தகைய கோளம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆயினும் கோளம் பெரிதாகப் பெரிதாக அதனைச் சுழற்றுவது கடினமாகும். ஒரு சிலரே உள்ளே அமர முடியும்.

செருமனியின் மூனிக் நகரில் உள்ள அருங்காட்சியகம், இத்தகைய வானம் ஒன்றை அமைத்துத் தருமாறு சைஸ் நிறுவனத்தை வேண்டியது. அந்நிறுவனத்தின் பொறியாளர் வால்தர் பவர்ஸ்பெல்டு சிக்கலைத் தலைகீழாக மாற்றிச் சிந்தித்தார். ‘கூரை அசையாமல் இருக்கட்டும், ஒளி மட்டும் அசையட்டும்’ என்பதே அவர் கண்ட வழி. வெண்மையான குவிமாடத்தின் நடுவில் ஒரு கருவியை நிறுத்தி, அதிலிருந்து விண்மீன்களை ஒளிப்புள்ளிகளாகக் கூரையில் வீழ்த்தலாம். கருவியைச் சுழற்றினால் வானமே சுழல்வதுபோல் தோன்றும். 1923இல் இக்கருவி முதன்முதலில் மக்களுக்குக் காட்டப்பட்டது. 1925 மே மாதம் மூனிக்கில் நிலையாக நிறுவப்பட்டது. அம்முதற்கருவியால் ஏறத்தாழ 4,500 விண்மீன்களைக் காட்ட முடிந்தது. உலகக் கோளரங்கங்கள் பலவும் இக்கருத்திலிருந்தே வளர்ந்தன.

அரங்கின் உள்ளே

கோளரங்கத்தின் முதன்மை உறுப்புகள் இரண்டு. ஒன்று குவிமாடம், மற்றொன்று ஒளிவீழ்த்தும் கருவி.

குவிமாடத்தின் உட்புறத்தில் பெரும்பாலும் அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். அத்தகடுகளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு துளைகள் நிறைந்திருக்கும். அவை வீணாக இடப்பட்டவை அல்ல. வளைந்த கூரையின் கீழ்ப் பேசினால் எதிரொலி மிகும். துளைகள் வழியே ஒலியின் ஒரு பகுதி வெளியேறுவதால் எதிரொலி குறைகிறது. தகடுகளின் பின்னே உள்ள ஒலிபெருக்கிகளின் ஓசையும் அவற்றின் வழியே அரங்கினுள் வருகிறது.

கருவியின் நடுவில் வலிமையான விளக்கு ஒன்று எரியும். அதனைச் சுற்றியுள்ள கோளத்தின் பரப்பு, கால்பந்தின் மேல் தைக்கப்பட்ட துண்டுகளைப் போலப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மெல்லிய தகடும் அதன் முன் ஒரு வில்லையும் இருக்கும். தகட்டில் வானத்தின் அப்பகுதிக்குரிய விண்மீன்கள் நுண்துளைகளாக இடப்பட்டிருக்கும். ஒளிமிக்க விண்மீனுக்குப் பெரிய துளை. மங்கிய விண்மீனுக்குச் சிறிய துளை. பகுதிகள் எல்லாம் கூரையில் இணையும்போது முழு வானமும் உருவாகிறது.

கோள்களுக்கு இம்முறை போதாது. விண்மீன்களின் இடையே கோள்கள் நாள்தோறும் இடம் மாறுவதால், ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனி ஒளிவீழ்த்தி வேண்டும். அதனுள் இரு சக்கரங்கள் உண்டு. ஒன்று புவியின் பாதையையும் மற்றொன்று அக்கோளின் பாதையையும் குறிக்கும். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். அக்கம்பி காட்டும் திசையிலேயே ஒளி செல்லும். அதனால் புவியிலிருந்து பார்க்கும்போது கோள் எங்குத் தோன்றுமோ அங்கேயே கூரையில் ஒளி விழுகிறது. செவ்வாய் சில வேளைகளில் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். பஞ்சாங்கத்தில் இது ‘வக்கிரம்’ எனப்படும். விரைந்து செல்லும் பேருந்து, மெதுவாகச் செல்லும் பேருந்தை முந்தும்போது, முந்தப்பட்ட பேருந்து பின்னே செல்வதுபோல் தோன்றும் அல்லவா? அது போன்றதே இது. செவ்வாய் பின்செல்வதில்லை, புவி அதனை முந்துகிறது.

நான்கு வகை அசைவுகள்

கோளரங்கக் கருவி நான்கு வகையாக அசையும்.

முதலாவது, நாள் அசைவு. புவி தன்னைத் தானே சுற்றுவதால் விண்மீன்கள் கிழக்கில் எழுந்து மேற்கில் மறைகின்றன. 24 மணி நேர நிகழ்வைச் சில நிமிடங்களில் காட்டலாம்.

இரண்டாவது, ஆண்டு அசைவு. ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவை விண்மீன்களின் இடையே நகர்வதை இது காட்டும். ஓர் ஆண்டு ஒரு நிமிடத்தில் கடந்துவிடும்.

மூன்றாவது, இட அசைவு. வடக்கே சென்றால் வானம் எவ்வாறு தோன்றும், தெற்கே சென்றால் எவ்வாறு தோன்றும் என்பதை இது காட்டும்.

நான்காவது, அச்சின் அசைவு. சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோல், புவியின் அச்சும் ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது. அதனால் இன்றைய துருவ விண்மீன் என்றென்றும் துருவத்தில் இராது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் கழிந்தபின் வீகா என்னும் விண்மீன் வடதுருவத்திற்கு அருகில் விளங்கும். மனித வாழ்நாளில் காண இயலாத இந்நிகழ்வையும் கோளரங்கத்தில் அமர்ந்தபடியே காணலாம்.

நாலாம் பிறையின் கணக்கு

இனி, காணிப்பாக்கத்துக் குழந்தையின் வினாவுக்கு வருவோம். கோளரங்கத்தில் இரண்டாம் அசைவை இயக்கினால் திங்களின் பயணம் தெளிவாகும். அமாவாசையன்று ஞாயிறும் திங்களும் ஒரே திசையில் இருக்கும். பின்னர், திங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை வீதம் ஞாயிற்றை விட்டு விலகும். இந்தப் 12 பாகை விலகலே ஒரு திதி. எனவே, நான்காம் திதியாகிய சதுர்த்தியில் திங்கள் ஞாயிற்றிலிருந்து 36 முதல் 48 பாகை வரை விலகியிருக்கும்.

வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, ஞாயிறு மறைந்து ஏறத்தாழ இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரத்திற்குள் நாலாம் பிறையும் மறைந்துவிடும். அது ஞாயிற்றுக்கு அருகில் இருப்பதால்தான் மாலையில் மேற்கு வானில் தோன்றுகிறது. திங்களின் ஒளிபெற்ற பாதியை நாம் பக்கவாட்டில் பார்ப்பதால், அதன் வட்டத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே நமக்கு ஒளியுடன் தெரிகிறது. மறுநாள் பிறை இன்னும் 12 பாகை உயரத்தில் நிற்கும். சற்றுப் பருத்தும் இருக்கும்.

பிறையைப் பார்க்காதிருத்தல் விழாவைச் சார்ந்த வழக்கம். பிறையின் இயக்கம் வானத்தைச் சார்ந்த கணக்கு. ஒன்றை அறிந்துகொள்வதற்காக மற்றொன்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கணக்கை அறிந்த குழந்தை அப்பிறைக்கு அஞ்சுவதில்லை.

ஊர் மாறினால் வானம் மாறுமா?

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களில் இவ்வினா பல வடிவில் எழுவதுண்டு. தாத்தாவும் பாட்டியும் கன்னியாகுமரியில் இருக்க, பேரப்பிள்ளைகள் சித்தூரில் படிக்கின்றனர். அவர்கள் காண்பது ஒரே வானமா?

இதற்கு விடை கூறுவது கோளரங்கத்தின் மூன்றாம் அசைவு. புவியின் வடபாதியில் ஓர் ஊர் எத்தனை பாகை அகலாங்கில் உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்திலேயே துருவ விண்மீன் அங்குத் தோன்றும். கன்னியாகுமரியில் அது 8 பாகை உயரத்திலும், காணிப்பாக்கத்தில் 13 பாகை உயரத்திலும், தில்லியில் 28 பாகைக்கு மேலும், இலண்டனில் 51 பாகைக்கு மேலும் நிற்கும். சிங்கப்பூரிலோ அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் அதனைக் காண்பது அரிது.

தெற்கு வானில் இதற்கு மாறாக நிகழும். அகத்திய விண்மீன் வானிலுள்ள விண்மீன்களில் ஒளியால் இரண்டாம் இடம் பெற்றது. பிப்ரவரி மாத முன்னிரவில் காணிப்பாக்கத்திலிருந்து தெற்கே நோக்கினால், அது ஏறத்தாழ 24 பாகை உயரத்தில் விளங்கும். தில்லியில் அதன் உச்ச உயரம் 9 பாகைக்கும் குறைவு. இலண்டனில் அது எழுவதே இல்லை. தென்னாட்டுடன் இணைத்துப் பேசப்படும் அகத்தியரின் பெயரை ஒரு தென்திசை விண்மீன் தாங்கி நிற்பது பொருத்தமே.

கோளரங்கத்தில் கருவியை மெல்லச் சாய்த்தால் இப்பயணம் முழுவதையும் காணலாம். துருவ விண்மீன் ஏற ஏற, அகத்தியம் தாழும். கன்னியாகுமரிக்கும் சித்தூருக்கும் இடையே இந்த வேறுபாடு ஏறத்தாழ 5 பாகையே. கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் அளவு அது. அம்மூன்று விரல் அகலத்தைத் தவிர, பாட்டி காணும் வானமும் பேத்தி காணும் வானமும் ஒன்றே. வைகறையில் கிழக்கே தோன்றும் வெள்ளியைப் பாட்டி ‘விடிவெள்ளி’ என்பார். பேத்தியின் தெலுங்குத் தோழி ‘வேகுசுக்க’ என்பாள். இரு பெயருக்கும் உரியது ஒரே ஒளி.

இந்தியக் கோளரங்கங்கள்

கொல்கத்தாவில் உள்ள பிர்லா கோளரங்கத்தைப் பிரதமர் ஜவகர்லால் நேரு 1963இல் திறந்துவைத்தார். மும்பையில் 1977இலும், தில்லியில் 1984இலும் நேரு பெயரால் கோளரங்கங்கள் திறக்கப்பட்டன. ஐதராபாத்தில் 1985இலும், சென்னைக் கோட்டூர்புரத்தில் 1988இலும் பி. எம். பிர்லா பெயரில் கோளரங்கங்கள் தோன்றின. திருச்சிராப்பள்ளியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் உள்ளது. சித்தூரிலிருந்து சென்னைக் கோளரங்கம் சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. அங்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் கேட்கலாம்.

இக்காலத்தில் பல கோளரங்கங்களில் துளையிட்ட தகடுகளின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. விண்மீன்களின் இடமும் தொலைவும் எண்களாகக் கணினியில் உள்ளன. எண்முறை ஒளிவீழ்த்திகள் அவற்றைக் காட்சியாக மாற்றிக் குவிமாடம் முழுவதும் விரிக்கின்றன. அதனால் புவியை விட்டு எழுந்து, சனியின் வளையங்களுக்கு இடையே செல்வது போன்ற காட்சியையும் காணலாம். காற்றடைத்து நிறுத்தும் சிறு குவிமாடங்களும் உள்ளன. அவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று பள்ளிக் கூடத்திலேயே விரிக்கலாம்.

விளக்கு அணையும்போது

கோளரங்கத்தில் விளக்குகள் ஒரே நொடியில் அணைக்கப்படுவதில்லை. மெல்ல மெல்லவே மங்கும். இருளுக்குக் கண் பழகுதற்கு நேரம் வேண்டும் என்பதே காரணம். முழுமையாகப் பழக இருபது நிமிடங்களுக்கு மேலாகும். காட்சி தொடங்கியதும் முதலில் சில விண்மீன்களே தெரியும். பிறகு நூற்றுக்கணக்கில் தெரியும். நகரத்துக் குழந்தைகள் பலர் வியந்து குரல் எழுப்பும் நேரம் அது. ஏனெனில் அவர்கள் அத்தனை விண்மீன்களை அதற்குமுன் கண்டதில்லை. இருண்ட ஊர்களில் வெறுங்கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களைக் காண முடியும். நகரத்து விளக்கொளியில் அவற்றுள் சில பத்துகளே எஞ்சுகின்றன.

ஆகவே, கோளரங்கம் ஒரு நினைவூட்டலும் ஆகும். அது காட்டும் வானம் வெளியே இன்றும் இருக்கிறது. விளக்குகளுக்கு அப்பால் காத்திருக்கிறது. அரங்கைவிட்டு வெளியே வந்தவுடன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பவரே கோளரங்கத்தின் பயனை முழுமையாகப் பெற்றவர் ஆவார்.

அருஞ்சொற்பொருள்

ஞாயிறு – சூரியன்
திங்கள் – நிலவு
குவிமாடம் – அரைக்கோள வடிவக் கூரை
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
அகலாங்கு – நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் இடம் வடக்கிலோ தெற்கிலோ உள்ள கோணத் தொலைவு
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
வைகறை – விடியற்காலம்

சிந்தித்து விடை தருக

1. கோளரங்கத்திற்கும் வானாய்வகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சிகாகோ கோளத்தின் குறையைப் பவர்ஸ்பெல்டு எவ்வாறு நீக்கினார்?
3. வளர்பிறையின் ஏழாம் திதி முடியும்போது திங்கள் ஞாயிற்றிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கும்? ஞாயிறு மறைந்தபின் ஏறத்தாழ எத்தனை மணி நேரத்தில் அது மறையும்?
4. செவ்வாய் உண்மையில் பின்னோக்கிச் செல்கிறதா? காரணம் கூறுக.

செய்து பார்க்க

மேகமற்ற இரவில் வடக்கு நோக்கி நின்று கையை முழுவதும் நீட்டுக. மடக்கிய கைப்பிடியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து துருவ விண்மீன் எத்தனை பாகை உயரத்தில் உள்ளது என்று அளந்து எழுதுக. வேறு ஊரில் வாழும் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவரையும் அளக்கச் செய்க. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு, அவ்வேறுபாட்டிற்குக் காரணம் கூறுக.